தொப்புள்கொடி ரத்தத்துக்கு ஒரு நாற்றங்கால்: தாங்கு செல்களின் மேல் ரத்த ஸ்டெம் செல் வளர்ப்பது எப்படி?

ஒரு பிரசவத்தில் தொப்புள்கொடியிலிருந்து கிடைக்கும் ரத்தம் அரை டம்ளர்தான். கைப்பழக்கம் உள்ள தாதி எடுத்தால் 80, 100 மில்லி தேறும். பல நேரம் அதுவும் வராது. எல்லா ரத்தச் செல்களையும் உண்டாக்கும் ரத்த ஸ்டெம் செல் அதில் இருப்பதால் அதை நோயாளிக்கு ஏற்றும் மாற்று சிகிச்சை மருத்துவர்களோ, நோயாளியின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் குறைந்தது 2.5 கோடி உட்கரு உள்ள செல்கள் வேண்டும் என்பார்கள். 20 கிலோ குழந்தைக்கு 50 கோடி; சமாளித்துவிடலாம். 60 கிலோ ஆளுக்கு 150 கோடி. ஒரு பையில் 100 கோடி இருந்தாலே எங்கள் கூடத்தில் அன்றைக்கு எல்லோர் முகத்திலும் சிரிப்பு இருக்கும்.

இந்தப் பற்றாக்குறைக்கு ஒரு வழி, செல்களை வெளியே வைத்துப் பெருக்குவது. அதிலும் வெறும் திரவத்தில் மிதக்கவிடாமல், எலும்பு மஜ்ஜையில் அவற்றுக்குத் துணை நிற்கும் தாங்கு செல்களை அடியில் பரப்பி, அதன் மேல் வளர்ப்பது. கோலாலம்பூரில் ஒரு செல் வளர்ப்புக் கூடத்தில் நான் செய்யும் வேலை இதுதான். புதிதாக வரும் மாணவர்களுக்கு மாமாக் கடையில் தே தாரேக் ஆறும்வரை திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். இது ஆய்வுக்கூட வேலைக்கான வழிகாட்டி. இப்படி வளர்த்த செல்லை ஒரு மனிதருக்கு ஏற்றுவது, அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்குள் மட்டும் நடக்க வேண்டிய காரியம்.

எதற்கு இன்னொரு செல்?

பினாங்கிலிருந்து மாஸ்டர்ஸ் செய்ய வந்த தம்பி முதல் வாரமே கேட்டார்: "அக்கா, சைட்டோகைன் ஊற்றினால் ஸ்டெம் செல் தானாகப் பெருகாதா? எதற்கு அடியில் வேறொரு செல்லை வளர்த்து நேரத்தை வீணாக்க வேண்டும்?"

பெருகும். சிக்கலே அதுதான். சைட்டோகைன் என்ற வளர்ச்சிக் காரணிகளை மட்டும் ஊற்றினால் செல்கள் வேகமாகப் பிரியும்; ஆனால் பிரியும்போதே முதிர்ந்துவிடும். இரண்டு வாரம் கழித்துக் குடுவை நிறைய செல் இருக்கும். ஒருவர் உடம்பில் பல வருடம் ரத்தம் சுரக்கக்கூடிய ஸ்டெம் செல் விரல்விட்டு எண்ணும்படி இருக்கும். தம்பியின் ஊர் கெப்பாலா பத்தாஸ் பக்கம், வயல் பார்த்து வளர்ந்தவர். "நாற்றங்காலில் எல்லாமே கதிர் விட்டுவிட்டால் நடவுக்கு என்ன செய்வீர்கள்?" என்றேன். அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1960களின் தொடக்கத்தில் டொராண்டோவில் டில்லும் மெக்கல்லக்கும், ஒரே ஒரு மஜ்ஜைச் செல் எலியின் மண்ணீரலில் ஒரு முழுக் காலனியை, அதாவது செல் கூட்டத்தை, உண்டாக்கும் என்று காட்டினார்கள். அதற்குப் பிறகும் அந்தச் செல்லைக் குடுவையில் வாரக்கணக்கில் காப்பாற்ற முடியவில்லை. 1977இல் மான்செஸ்டரில் டெக்ஸ்டரின் குழுதான் வழி கண்டது. முதலில் மஜ்ஜையின் ஒட்டும் செல்கள் தரையில் படர்ந்து ஒரு படுகையாகட்டும், அப்புறம் அதன்மேல் ரத்தச் செல்கள் மாதக்கணக்கில் வாழும் என்றார்கள். அடுத்த ஆண்டே ஸ்கோஃபீல்ட் அதற்கு ஒரு கருத்து வடிவம் கொடுத்தார்: ஸ்டெம் செல் ஸ்டெம் செல்லாகவே இருப்பது அது உட்கார்ந்திருக்கும் இடத்தால்.

அந்த இடம் என்ன செய்கிறது என்பது இன்றைக்கு ஓரளவு தெரியும். தாங்கு செல் தன் சவ்வின் மேலேயே ஸ்டெம் செல் காரணியை ஏந்தி நிற்கிறது. சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதத்தைக் கசியவிட்டு ஸ்டெம் செல்லைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்கிறது. விகேம்-1 என்ற ஒட்டுப் புரதத்தால் பிடித்துக்கொள்கிறது. புட்டியில் வாங்கி ஊற்றும் சைட்டோகைன் திரவத்தில் கரைந்து திரிவது. இது தொட்டுக்கொண்டு கொடுப்பது.

படி 1: காகித வேலை

சலிப்பாக இருந்தாலும் இதுதான் முதல். தொப்புள்கொடியும் அதன் ரத்தமும் தாயின் சம்மதத்தோடு வர வேண்டும். சம்மதத்தைப் பிரசவ வலி தொடங்கும் முன்பே வாங்க வேண்டும். மலேசியாவில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு துளிகூட எடுக்கக் கூடாது. சம்மதப் படிவம் தாய்க்குப் புரியும் மொழியில் இருக்கட்டும். தமிழ் மட்டும் தெரிந்த ஓர் அம்மாவிடம் மலாய்ப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். அது சம்மதம் ஆகாது.

படி 2: தாங்கு செல்லைத் தயார் செய்வது

இங்கேதான் அதிக நேரம் போகும், போகட்டும். பின்னால் வரும் எல்லாத் தோல்விக்கும் பாதிக் காரணம் இந்தப் படியில் இருக்கும்.

தாங்கு செல்லை எலும்பு மஜ்ஜையிலிருந்தும் எடுக்கலாம், தொப்புள்கொடிக்குள் இருக்கும் வார்ட்டன் ஜெல்லியிலிருந்தும் எடுக்கலாம். மஜ்ஜைக்கு ஒருவரின் இடுப்பெலும்பில் ஊசி இறக்க வேண்டும். தொப்புள்கொடியோ குப்பைக்குப் போகும் பொருள். ரத்தச் செல்லைத் தாங்குவதில் மஜ்ஜைச் செல்லுக்கே என் ஓட்டு. ஆனால் கற்றுக்கொள்பவருக்குத் தொப்புள்கொடி போதும்.

ஒரு சாண் அளவு கொடியை நுண்ணுயிர்க்கொல்லி கலந்த உப்புக் கரைசலில், நீர் தெளியும்வரை அலசுங்கள். உள்ளே இரண்டு தமனி, ஒரு சிரை. மூன்றையும் உருவி எடுத்துவிடுங்கள். மிச்சம் இருப்பது நுங்கு மாதிரி வழுக்கும் வெள்ளைச் சதை. அதை ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கித் தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் விடுங்கள், ஒட்டிக்கொள்ளட்டும். அப்புறம் ஓரமாக, மெதுவாக ஊடகத்தை (செல்லுக்கு உணவான திரவத்தை) ஊற்றுங்கள். அடுத்த நான்கைந்து நாள் தட்டைத் தொடாதீர்கள். புதியவர்களால் முடியாத ஒரே வேலை இது. தினமும் எடுத்து ஆட்டிப் பார்ப்பார்கள். துண்டுகள் பெயர்ந்து மிதக்கும். செல் வரவில்லை என்பார்கள். ஒரு வாரம், பத்து நாளில் துண்டின் ஓரத்திலிருந்து ஊசி போன்ற நீளச் செல்கள் ஊர்ந்து வெளியே வரும்.

ஊடகம் ஆல்ஃபா எம்இஎம், பத்து சதவீதம் மாட்டுக்கன்றுச் சீரம். மனிதருக்குப் போகும் வேலை என்றால் சீரத்துக்குப் பதில் மனிதத் தட்டணுச் சாறு. 37 டிகிரி, ஐந்து சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. தட்டு 80 சதவீதம் நிறைந்ததும் டிரிப்சின் நொதி போட்டுப் பிரித்து, சதுர சென்டிமீட்டருக்கு 3,000 முதல் 5,000 வரை மறுபடி விதையுங்கள். மூன்றாவது, நான்காவது தலைமுறைக்குள் பயன்படுத்திவிடுங்கள். அதற்குமேல் போனால் செல்கள் அகன்று, தட்டையாகி, சோம்பிவிடும். அந்தக் கிழட்டுப் படுகையால் பயன் குறைவு.

இது தாங்கு செல்தானா என்று உறுதி செய்ய 2006இல் உலக அளவில் வகுத்த அளவுகோல் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் ஒட்ட வேண்டும். செல்லின் மேலுள்ள அடையாளப் புரதங்களில் சிடி73, சிடி90, சிடி105 மூன்றும் 95 சதவீதச் செல்களிலாவது இருக்க வேண்டும். சிடி45, சிடி34 போன்ற ரத்தச் செல் அடையாளங்கள் இரண்டு சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு என்று மூன்றாகவும் மாறிக் காட்ட வேண்டும். தேறியதும் சிறு சிறு குப்பிகளாகத் திரவ நைட்ரஜனில் போட்டுவிடுங்கள். ஒரே நாளில், ஒரே தொகுப்பில் உறையவைத்த குப்பிகள்தான் பின்னால் ஒப்பிட உதவும்.

படி 3: படுகை பரப்புவது

0.1 சதவீத ஜெலட்டின் பூசிய தட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 20,000 முதல் 30,000 செல் இறக்கினால் மறுநாள் இடைவெளி இல்லாத பாய் மாதிரி ஆகியிருக்கும். நாங்கள் கூடத்தில் ஃபீடர் என்றே சொல்வோம்.

தாங்கு செல்லே பெருகிக்கொண்டு போனால் மேலே இருப்பதன் சாப்பாட்டை அது தின்றுவிடும் என்பதால், பலர் அதன் பிரிதலை முதலில் நிறுத்துவார்கள். 15 முதல் 25 கிரே கதிர்வீச்சு ஒரு வழி. கதிர்வீச்சுக் கருவி இல்லாத கூடத்தில் மைட்டோமைசின் சி, மில்லிக்கு 10 மைக்ரோகிராம், இரண்டு மூன்று மணி நேரம். மைட்டோமைசின் போட்டால் குறைந்தது மூன்று முறை கழுவுங்கள். நான் ஐந்து முறை கழுவுவேன். மிச்சம் ஒட்டியிருந்தால் அது உங்கள் ஸ்டெம் செல்லின் பிரிதலையும் நிறுத்திவிடும். நீங்கள் ரத்தம் சரியில்லை என்று புலம்பிக்கொண்டிருப்பீர்கள். மனிதத் தாங்கு செல் நெருங்கி நின்றால் தானாகவே அடங்கும் என்பதால், இரண்டு வார வேலைக்கு இந்தப் படியையே விட்டுவிடுபவர்களும் உண்டு. எம்2-10பி4 போன்ற எலிச் செல் வரிசை என்றால் கட்டாயம் நிறுத்த வேண்டும். அதுவும் சோதனைக்கு மட்டும்தான், சிகிச்சைக்கு அல்ல.

படுகையை முந்தின நாளே போட்டுவிடுங்கள். ரத்தம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த பிறகு பாய் விரிக்க முடியாது.

படி 4: ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்

உறைதடுப்பு மருந்து உள்ள பையில் ரத்தம் வரும். அறை வெப்பத்தில் கொண்டுவாருங்கள்; ஐஸில் புதைக்காதீர்கள், காரின் பின்பக்க வெயிலிலும் வைக்காதீர்கள். ஃபெடரல் ஹைவேயில் மாலை ஆறு மணிக்கு மாட்டிக்கொண்டால் பெட்டிக்குள் வெப்பமானி எவ்வளவு முக்கியம் என்று புரியும். 24 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

ரத்தத்தை உப்புக் கரைசலில் நீர்க்கச் செய்து, 1.077 அடர்த்தி உள்ள ஃபைகால் திரவத்தின் மேல் கலக்காமல் ஊற்ற வேண்டும். குழாயைச் சாய்த்து, பிப்பெட் நுனியைச் சுவரில் வைத்து, தோசைக்கல்லில் எண்ணெய் விடுவதுபோல விளிம்பில் விடுங்கள். 400 ஜி வேகத்தில் அரை மணி நேரம். சுழற்றியின் பிரேக்கை அணைத்துவிடுங்கள். பிரேக் போட்டால் அடுக்குகள் கலங்கி, அரை மணி நேர உழைப்பு போச்சு. நின்றதும் மேலே மஞ்சள் பிளாஸ்மா, கீழே சிவப்பு, நடுவில் பாலாடை மாதிரி மெல்லிய வெள்ளை வளையம். வேண்டியது அந்த வளையம்.

அதில் ரத்த ஸ்டெம் செல்லையும் அதன் இளம் வழித்தோன்றல்களையும் காட்டும் சிடி34 அடையாளம் உள்ளவை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. காந்த மணிகள் ஒட்டிய எதிர்ப்பொருளால் அவற்றைப் பிரித்தெடுக்கலாம். ஆனால் பிரிக்கும்போதே ஒரு பங்கு செல் இழப்பாகும். தாங்கு செல் முறையின் ஓர் அனுகூலம் இதுதான்: பிரிக்காத மொத்தச் செல்லையும் அப்படியே படுகையின் மேல் போடலாம். ஆய்வுக்குச் சுத்தமான சிடி34 வேண்டும். சிகிச்சை நோக்கத்துக்குப் பிரிக்காமல் போடுவதே மேல் என்பது என் எண்ணம்.

படி 5: பதினான்கு நாள்

பிரித்த சிடி34 செல்களை மில்லிக்கு 10,000 முதல் 50,000 வரை படுகையின் மேல் இறக்குங்கள். ஊடகத்தில் ஸ்டெம் செல் காரணி, எஃப்எல்டி3 லிகண்ட், த்ரோம்போபொயட்டின், ஜி-சிஎஸ்எஃப் நான்கும் மில்லிக்கு 100 நானோகிராம். கூடத்தில் மிக விலை உயர்ந்த பொருள் இவைதான். வந்த அன்றே சிறு பங்காகப் பிரித்து உறையவையுங்கள். ஒரே குப்பியை ஐந்து முறை உருக்கி ஐந்து முறை உறையவைத்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதக் கூடாது.

முதல் இரண்டு நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாளிலிருந்து நுண்ணோக்கியில் மூன்று வகைச் செல் தெரியும். மேலே மிதப்பவை. படுகையின் மேல் ஒட்டிக்கொண்டு, பனித்துளி மாதிரி பளபளப்பவை. இவை வேகமாகப் பிரிகின்றன. மூன்றாவது வகை புதியவர் கண்ணில் படாது. குவிப்பைக் கொஞ்சம் கீழே இறக்கினால், படுகைக்கு அடியில் நுழைந்து, தட்டையாக, மங்கலாக, தரை ஓடு பதித்த மாதிரி நெருங்கிக் கிடப்பவை. இளமையான செல்கள் பெரும்பாலும் இங்கேதான். பளபளப்பைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு மங்கலானதை மறந்துவிடாதீர்கள்.

ஏழாம் நாள் மிதப்பவற்றை மெதுவாக எடுத்துக் காற்று புகும் பைக்கு மாற்றி, இன்னும் ஏழு நாள் வளர்க்கலாம். படுகைக்குப் புது ஊடகமும் சைட்டோகைனும் ஊற்றி அதையும் ஏழு நாள் விடுங்கள். பதினான்காம் நாள் இரண்டையும் சேர்த்து அறுவடை.

நிறத்தைக் கவனியுங்கள். ஊடகம் மஞ்சளானால் செல் அதிகம், அல்லது பாக்டீரியா. ஊதா கலந்த சிவப்பானால் கார்பன் டை ஆக்சைடு போதவில்லை. ஒரு தீபாவளி நீண்ட விடுமுறையில், நான் முன்பு வேலை செய்த ஒரு கூடத்தில் கார்பன் டை ஆக்சைடு உருளை தீர்ந்துபோய், அலாரத்தையும் யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். முறுக்கும் அதிரசமும் பையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை கதவைத் திறந்தால், பதினொன்றாம் நாள் தட்டுகள் எல்லாம் செம்பருத்தி நிறத்தில் இருந்தன. பலகாரத்தை யாரும் தொடவில்லை. அன்றிலிருந்து இரண்டாவது உருளை இல்லாமல் நான் எந்த வளர்ப்பையும் தொடங்குவதில்லை.

நம் ஊர் ஈரத்துக்கு இன்னொன்று: இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டை வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவி, கிருமி நீக்கிய நீரை ஊற்றுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சை முதலில் அங்கேதான் குடியேறும். துடைக்க 70 சதவீத ஆல்கஹால். அதற்கு மேல் அடர்த்தியானது சீக்கிரம் ஆவியாகிவிடும், கிருமி சரியாகச் சாகாது.

படி 6: எண்ணுவது, ஏமாறாமல் எண்ணுவது

ஒரு லட்சம் சிடி34 செல் வைத்தீர்கள். பதினான்காம் நாள் மொத்தம் ஒரு கோடி. நூறு மடங்கு என்று குதிக்கத் தோன்றும். அதில் பத்து சதவீதம்தான் சிடி34 என்றால் பத்து லட்சம், பத்து மடங்கு. அதிலும் சிடி90 இருந்து, சிடி45ஆர்ஏ இல்லாத இளம் செல் எவ்வளவு என்று பார்த்தால் எண்ணிக்கை இன்னும் சுருங்கும். தாங்கு செல்லையும் சேர்த்து எண்ணிவிடாதீர்கள். சிடி45 உள்ளதை மட்டும் கணக்கில் எடுங்கள். 7-ஏஏடி சாயம் போட்டு இறந்ததைக் கழியுங்கள்.

மனிதருக்குப் போகும் தொகுப்பு என்றால் பாக்டீரியா, பூஞ்சை, மைக்கோபிளாஸ்மா, எண்டோடாக்சின் சோதனைகளும், இது அந்தக் கொடையாளரின் செல்தான் என்ற எச்எல்ஏ (திசுப் பொருத்த அடையாளம்) உறுதியும் வேண்டும். மலேசியாவில் இப்படிப்பட்ட செல் மருந்துகள் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏவின் கட்டுப்பாட்டில் வருகின்றன.

நோயாளியிடம் என்ன நடந்தது?

டெக்சாஸில் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் 31 பெரியவர்களுக்கு இந்த முறையைச் செய்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு தொப்புள்கொடி ரத்தம்: ஒன்று அப்படியே, மற்றொன்று மஜ்ஜைத் தாங்கு செல்லின் மேல் பதினான்கு நாள் வளர்த்தது. மொத்தச் செல் இடைநிலையாக 12 மடங்கும், சிடி34 செல் 30 மடங்கும் பெருகின. கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் தலைதூக்க 15 நாள் ஆனது; வளர்க்காத இரண்டு பைகள் பெற்றவர்களுக்கு 24 நாள். தட்டணுவுக்கு 42 நாள், அவர்களுக்கு 49. கிருமித் தொற்றுக்கு அஞ்சித் தனியறையில் கிடப்பவருக்கு ஒன்பது நாள் சின்ன விஷயம் இல்லை.

ஆனால் நீண்ட காலத்துக்கு உடம்பில் நிலைத்தது பெரும்பாலும் வளர்க்காத பையின் ரத்தம்தான். வளர்த்த பை முதல் வாரங்களைக் கடக்க உதவியது. வேர் பிடித்தது மற்றது. இந்த முறையின் பலம், பலவீனம் இரண்டுமே அதில் தெரிகின்றன.

அதன் பிறகு களம் நகர்ந்துவிட்டது. நிகோட்டினமைடில் வளர்த்த தொப்புள்கொடி செல் மருந்துக்கு 2023 ஏப்ரலில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதில் தாங்கு செல் இல்லை. பாதிப் பொருத்தம் உள்ள உறவினரிடமிருந்தே மாற்று செய்யும் முறை பரவியதால் தொப்புள்கொடியின் தேவையும் குறைந்தது. இருந்தாலும் மஜ்ஜை எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள இந்தப் படுகைக்கு மாற்று எனக்குத் தெரியவில்லை.

இடையில் ஒரு வார்த்தை. உறவினர்கள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்வி. "தனியார் வங்கியில் பணம் கட்டிச் சேமிக்கலாமா?" குடும்பத்தில் ஏற்கனவே ரத்த நோய் உள்ள பிள்ளை இருந்தால் மருத்துவரிடம் பேசுங்கள், இல்லையென்றால் பொது வங்கிக்குத் தானம் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள், தேசிய ரத்த மையமான பூசாட் டாரா நெகாராவில் அப்படி ஒரு வங்கி இருக்கிறது. "மூட்டு வலிக்கு ஸ்டெம் செல் ஊசி போடலாமா?" மேலே எழுதிய சோதனைகளில் எதையெல்லாம் செய்தார்கள் என்று அந்த கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள், பதிலே முடிவைச் சொல்லிவிடும்.

கடைசிப் படி: படுகையைக் குப்பையில் போடாதீர்கள்

செல் எவ்வளவு இளமையானது என்று சோதிக்க, மெத்தில்செல்லுலோஸ் என்ற கெட்டியான கூழில் அதை இறக்கிப் பதினான்கு நாள் கழித்துக் காலனி எண்ணுவது எல்லோரும் செய்வது. அது நடுவயதுச் செல்லை மட்டும் காட்டும். உண்மையான பரீட்சை, அறுவடை செய்த செல்லைப் புதுப் படுகையில் சைட்டோகைன் இல்லாமல் ஐந்து வாரம் வைப்பது. வாரம் ஒருமுறை பாதி ஊடகத்தை மட்டும் மாற்ற வேண்டும். ஐந்து வாரம் தாக்குப்பிடித்ததை அப்புறம் மெத்தில்செல்லுலோஸில் இறக்கி இன்னும் இரண்டு வாரம். அதற்கும் மேலே போனால், எதிர்ப்பு சக்தி இல்லாத என்எஸ்ஜி எலிக்கு ஏற்றி, 12 முதல் 16 வாரம் கழித்து அதன் மஜ்ஜையில் மனிதச் செல் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

தம்பி இந்த ஐந்து வாரப் பரீட்சையை இரண்டு குழாயாகப் பிரித்து வைத்தார்: ஒன்றில் மிதந்த செல்கள், மற்றொன்றில் படுகையை டிரிப்சின் போட்டுப் பெயர்த்தெடுத்தது. நடுவில் தைப்பூசம் வந்தது. அவர் பினாங்குக்குப் போய்விட்டார்; மூன்றாவது வாரத்து ஊடகத்தை நான்தான் மாற்றினேன். ஏழாவது வாரம் நுண்ணோக்கி முன் உட்கார்ந்து, எண்ணியை அழுத்தி அழுத்தி மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டார். கடைசியில் எழுந்து வந்து, "அக்கா, மிதந்த குழாயில் மூன்று காலனிதான். மிச்சம் எல்லாம் படுகைக் குழாயில்" என்றார்.